கவரேஜ் போனால் புள்ளியும் போக வேண்டுமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகளை ஒன்லைனில் செஸ் விளையாட விடும் பெற்றோரும், எங்களைப் போல் பாடசாலையில் செஸ் குழு நடத்தும் ஆசிரியர்களும் நேரம் ஒதுக்கி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். செஸ் தெரியாதவர்களும் வாசிக்கலாம். விஷயம் செஸ்ஸோடு நிற்பதில்லை.

கடந்த தவணையில் எங்கள் பாடசாலை அணிக்கு ஐந்து பிள்ளைகளைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. செஸ் குழுவைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மூன்று ஆசிரியர்கள். மண்டபம் கிடைக்கவில்லை. பின்னேரம் பிள்ளைகளை மறித்து வைத்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடைசி பஸ் போய்விடும். அதனால் லேசான வழியைப் பிடித்தோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே செயலியில்தான் விளையாடுகிறார்கள், ரேட்டிங்கைப் பார்த்து மேலே இருக்கும் ஐந்து பேரை எடுப்போம் என்று முடிவு செய்தோம். பட்டியலை அறிவித்தலில் ஒட்டியும் விட்டோம்.

இரண்டாம் நாள் ஒரு தகப்பன் வந்தார். மேற்பிரிவு லயத்தில் இருப்பவர். சண்டை பிடிக்க வரவில்லை. "சேர், எம்மகளுக்கு ஆட்டம் வராதுன்னா பரவாயில்ல. ஆனா எங்க லயத்துல கவரேஜ் வராது. ரெண்டும் ஒன்னா சேர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு நாங்கள் அந்தப் பிள்ளையின் ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். தவணை முழுவதும் 60 ஆட்டங்கள். அதில் 13 ஆட்டங்கள் இணைப்பு அறுந்து தோற்றவை. அந்த 13இல் 8 ஆட்டங்களில், அறுந்த நேரத்தில் அவள் சமமாக அல்லது முன்னிலையில் இருந்தாள். ஒன்றில் எதிராளிக்கு ராணியே இல்லை. இரண்டு நகர்த்தலில் முடிய வேண்டிய ஆட்டம். செயலி எழுதியது ஒரே வரி: ஆட்டத்தை விட்டு வெளியேறினார், தோல்வி.

வெளியேறினார். அவள் எங்கேயும் போகவில்லை. காம்பராவுக்கு வெளியே இஸ்தோப்பில், மழைச் சாரலில், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. உலகத்தின் பெரிய மேசைகளிலும் வந்திருக்கிறது. 2020இல் கொவிட் காலத்தில் ஃபிடே, அதாவது உலக சதுரங்க சம்மேளனம், முதல் தடவையாக ஒலிம்பியாட்டை ஒன்லைனில் நடத்தியது. 160க்கும் மேற்பட்ட அணிகள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 வினாடி கூடுதல். இணையத்துக்கு அவரவரே பொறுப்பு என்பது விதி.

காலிறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. ஆர்மீனியாவின் ஹைக் மார்டிரோஸ்யன், இந்தியாவின் நிஹால் சரினோடு விளையாடிக்கொண்டிருந்தபோது இணைப்பு அறுந்தது. நேரம் ஓடி முடிந்தது, தோல்வி. தங்கள் பக்கத்து இணையம் சரியாகத்தான் இருந்தது என்று ஆர்மீனியா மேன்முறையீடு செய்தது. நிராகரிக்கப்பட்டது. அவர்கள் போட்டியை விட்டே விலகிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30, இறுதிப் போட்டி. இந்தியாவும் ரஷ்யாவும். முதற் சுற்று 3-3 சமம். இரண்டாவது சுற்றில் அதே நிஹால் சரினுக்கும், அப்போது 14 வயதான திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போனது. இருவரும் நேரத்தில் தோற்றார்கள். அன்றைக்கு உலகின் பல இணையத்தளங்களையும் பாதித்த ஒரு பெரிய கோளாறு நடந்திருந்தது. இந்தியா மேன்முறையீடு செய்தது. ஃபிடே தலைவர் ஆர்காடி துவார்கோவிச் இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

ஒரே போட்டி, ஒரே விதி, இரண்டு நாள் இடைவெளி. ஒரு அணிக்கு வீடு, இன்னொரு அணிக்குத் தங்கம். இரண்டு சம்பவமும் ஒன்றல்ல என்று வாதிடலாம். இரண்டாவதில் உலகம் முழுக்கத் தெரிந்த கோளாறு இருந்தது, முதலாவதில் அப்படி ஒன்றைக் காட்ட முடியவில்லை. அது சரியான வாதமே. ஆனால் அதை நம் ஊர்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள். கோளாறு பெரிய இடத்தில் நடந்தால் அது கோளாறு. மேற்பிரிவு லயத்தில் நடந்தால் அதை நிரூபிக்க யாரிடம் என்ன இருக்கிறது? அவளுக்கு மேன்முறையீடு எழுத ஒரு சம்மேளனம் இல்லை. ஒரு தகப்பன் மட்டும் வந்தார்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் ஆசிரியர்கள் அல்ல.

இணைப்பு அறுந்தால் புள்ளி போகும் என்ற விதி சும்மா வந்ததல்ல. அங்கே இருக்கும் கணினிக்கு ஒன்றுதான் தெரியும்: இந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. மின்னல் அடித்ததா, டேட்டா முடிந்ததா, தோற்கப் போகிறோம் என்று பிள்ளை வேண்டுமென்றே அணைத்ததா என்று அதற்குத் தெரியாது. அறுந்தால் புள்ளி போகாது என்று விதியை மாற்றினால் என்ன நடக்கும்? ராணியை இழந்த அடுத்த நிமிடமே ஊரெல்லாம் கவரேஜ் போய்விடும். இதைக் கற்பனையில் சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே ஒரு பையனின் ஆட்டங்களைப் பார்த்தோம். அறுந்த ஆட்டங்கள் 9. ஒன்பதிலும் அவன் தோற்கும் நிலை. கூப்பிட்டுக் கேட்டதும் சிரித்துவிட்டான். "சேர், டேட்டாவ ஓஃப் பண்ணிட்டேன்."

எதிரே இருப்பவரையும் நினைக்க வேண்டும். அவரும் நேரம் செலவழித்து, யோசித்து விளையாடியவர். காத்திருந்தவர். அவருக்குக் கிடைக்க வேண்டிய புள்ளியை எந்த நியாயத்தில் மறுப்பது?

அடுத்தது, ரேட்டிங் என்பது என்ன என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை வகுத்தவர் ஆர்பட் ஈலோ என்ற அமெரிக்க பௌதிகவியல் பேராசிரியர். ஃபிடே 1970இல் இதை ஏற்றது. கணக்கின் உயிர் இதுதான்: உங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கப்படுகிறது, நீங்கள் என்ன செய்தீர்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். சம பலமுள்ள இருவர் மோதினால் ஒவ்வொருவரிடமும் அரைப் புள்ளி எதிர்பார்க்கப்படும். வென்றால் கொஞ்சம் கூடும், தோற்றால் அதே அளவு குறையும். இன்றைய செயலிகள் இதன் திருத்திய வடிவங்களைப் பாவிக்கின்றன. இன்னொன்றையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். செயலியில் வரும் ரேட்டிங் வேறு, மேசையில் விளையாடி வாங்கும் ஃபிடே ரேட்டிங் வேறு.

இந்தக் கணக்கில் ஒரு நல்ல குணம் உண்டு. தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். ஒரு நாள் கரண்ட் போய் 10 புள்ளி இழந்தால், உங்கள் இலக்கம் உண்மையான பலத்தைவிடக் குறைந்து நிற்கும். அடுத்து வரும் எதிராளிகள் லேசானவர்களாக இருப்பார்கள். வென்று ஏறிவிடுவீர்கள். ஆகவே எப்போதாவது ஒரு தடவை அறுபவருக்கு அநியாயம் இல்லை. கொழும்பில் பைபர் இணைப்போடு இருக்கும் பிள்ளைக்கும் வருடத்தில் இரண்டு தடவை அறும். அது காற்றில் போய்விடும்.

ஆனால் எங்கள் பிள்ளைக்கு அறுவது எப்போதாவது அல்ல. மழை பெய்தால் அறும், பனி மூடினால் அறும், பின்னேரம் எல்லோரும் போனைத் திறக்கும் நேரத்தில் அறும். எப்போதும் நடக்கும் ஒன்று தன்னைத் திருத்திக்கொள்ளாது. ஏறுவாள், அறும், இறங்குவாள். அவளுடைய இலக்கம் அவளுடைய திறமையில் போய் நிற்காது. திறமையிலிருந்து கவரேஜைக் கழித்து வரும் விடையில்தான் நிற்கும்.

எவ்வளவு கழியும்? கணக்குப் போட்டோம். ஒரே அளவு பலமுள்ள எதிராளிகளோடு 100 ஆட்டம் ஆடி 60 புள்ளி எடுக்கக்கூடிய பிள்ளை என்று வைப்போம். ஈலோவின் சூத்திரப்படி அவள் அந்த எதிராளிகளைவிட ஏறக்குறைய 70 புள்ளி மேலே. இப்போது 15 ஆட்டம் அறுந்து தோல்வியாகட்டும். மிச்சம் 85. அதில் அறுபது வீதம் 51. இப்போது அவள் 100க்கு 51 எடுத்த பிள்ளை. சூத்திரம் அவளை எதிராளிகளைவிட 7 புள்ளிதான் மேலே வைக்கும். 63 புள்ளி லயத்துக் கூரையில் போய்விட்டது. அவளுடைய ஆட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கும் அவளுடைய இடத்துக்கும் இருந்த வித்தியாசம் 40 புள்ளி.

நம் மக்களுக்கு இதை விளக்கப் பெரிய சூத்திரம் தேவையில்லை. கொழுந்துத் தராசு தெரியாத வீடு இங்கே உண்டா? தராசு பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்வோம். இத்தனை கிலோ என்று காட்டும். ஆனால் நல்ல மலையில் நிரை கிடைத்தவரா, காய்ந்த மலையில் கிடைத்தவரா என்று தராசு சொல்லாது. கிலோ குறைந்தால் அரைப் பேர். காய்ந்த மலையில் நின்ற அம்மாவுக்கு அரைப் பேர் போட்டபோது "தராசு சரியாத்தானே காட்டுது" என்று யாராவது சொன்னால் நாம் என்ன சொல்வோம்? தராசில் பிழை இல்லை, அதை மட்டும் பார்த்துப் பேர் போடுபவரிடம் பிழை என்று சொல்வோம்.

அந்தப் பேர் போட்டவர்கள் இந்தத் தடவை நாங்கள்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். இணைப்பு அறுந்தால் செயலிக்குள் புள்ளி போவது நியாயம். வேறு வழியில்லாத நியாயம். அந்த இலக்கத்தை வெளியே எடுத்து வந்து, பிள்ளையின் திறமை இவ்வளவுதான் என்று அணி தெரிவதும், பரிசு கொடுப்பதும், ஒதுக்குவதும் அநியாயம். முதலாவது இயந்திரம் செய்வது. இரண்டாவது மனிதர் செய்வது. இயந்திரத்துக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்காமல் விட்டால் இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது.

"வாழ்க்கையில எல்லாமே அப்படித்தான் சேர், அவங்க அவங்க வசதிக்குத்தான் கிடைக்கும்" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது? Z புள்ளிகளை நாடு முழுதும் ஒரே வரிசையில் அடுக்கி மட்டும் எடுப்பதில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் நுவரெலியா இருக்கிறது. அந்த முறையில் குறைகள் உண்டு, விவாதமும் உண்டு. ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது: இலக்கத்தைப் பார்க்கும்போது அது எந்த இடத்திலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கதவால் உள்ளே போன எத்தனை வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் நம் மலையகத்தில் இருக்கிறார்கள்! நமக்குத் திறந்த அதே கதவை, நாம் தெரிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்ததும் நம் பிள்ளைக்கு மூடலாமா?

கொவிட் காலத்தை மறந்துவிடாதீர்கள். 2020, 2021இல் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடியிருந்தன. லுணுகலைப் பக்கம் பொகிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகள் கவரேஜுக்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து மலை உச்சிக்கு ஏறிய படங்கள் உலகச் செய்திகளில் வந்தன. நம் தோட்டங்களிலும் எத்தனை பிள்ளைகள் பாறை மேலும் தேயிலை மலை மேட்டிலும் நின்று படித்தார்கள் என்று நமக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததும் தெரியும். அந்தக் காலத்தில் ஸூம் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது பதில் வராத பிள்ளைகளுக்கு நாங்களே "வரவில்லை" என்று குறித்திருக்கிறோம். சில பிள்ளைகளை அக்கறையில்லாதவர்கள் என்றும் நினைத்திருக்கிறோம். செயலி "வெளியேறினார்" என்று எழுதுவதற்கும் நாங்கள் "வரவில்லை" என்று எழுதியதற்கும் என்ன வித்தியாசம்? செஸ்ஸில் இது ஒரு அணியோடு போகும். வகுப்பில் அது பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் விஷயம் செஸ்ஸோடு நிற்பதில்லை என்றோம்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் குழுவில் இப்போது செய்து வருவதைச் சொல்கிறோம். மற்றப் பாடசாலைகள் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

ஒன்று. அணித் தெரிவு மேசையில் மட்டும். ஒரு சனிக்கிழமை காலை போதும். எட்டு பலகை, நான்கு மணிக்கூடு. செஸ் மணிக்கூடு இல்லாவிட்டால் ஆசிரியரின் போனில் ஓடவிடலாம், அதற்கு இணையம் தேவையில்லை.

இரண்டு. ஒன்லைன் ஆட்டங்களுக்கு ஒரு கொப்பி. அறுந்தால் பிள்ளை அன்றே திகதி, நேரம், காரணம் எழுத வேண்டும். பொய் எழுத மாட்டார்களா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் மழைக்கு யார் வெல்கிறார்கள் என்று தெரியாது. உண்மையாக அறும் இணைப்பு வெல்லும் ஆட்டத்திலும் அறும், தோற்கும் ஆட்டத்திலும் அறும். வேண்டுமென்று அணைப்பது தோற்கும் ஆட்டத்தில் மட்டும் நடக்கும். 13இல் 8, ஒன்பதில் பூச்சியம். பத்துப் பதினைந்து ஆட்டம் பார்த்தாலே ஆசிரியருக்குப் பிடிபட்டுவிடும்.

மூன்று. கவரேஜ் மோசமான பிள்ளை பயிற்சி ஆட்டங்களை ரேட்டிங் இல்லாமல் விளையாடட்டும். அந்தத் தெரிவு செயலிகளில் இருக்கிறது. அல்லது ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தரும் ஆட்டங்களை விளையாடட்டும். ஒரு காலத்தில் தபால் அட்டையில் செஸ் விளையாடினார்கள், அதே முறைதான். காலையில் பாடசாலை வாசலில் கவரேஜ் வரும்போது ஒரு நகர்த்தல், பின்னேரம் பஸ் தரிப்பில் ஒன்று. ஆறுதலாக யோசிக்கவும் பழகும்.

நான்கு. இது பண்பு சம்பந்தப்பட்டது. லிசெஸ் போன்ற தளத்தில் எதிராளி காணாமல் போனால் கொஞ்ச நேரத்தில் கேட்கும்: வெற்றியை எடுக்கிறீர்களா, சமநிலை என்று முடிக்கிறீர்களா, இன்னும் காத்திருக்கிறீர்களா? எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். நீ தோற்கும் நிலையில் இருக்கும்போது அந்தப் பக்கம் அறுந்தால், வெற்றியை எடுக்காதே. சமநிலை கொடு, அல்லது காத்திரு. சட்டப்படி வெற்றி உன்னுடையதுதான். ஆனால் அறுவது எப்படி இருக்கும் என்று உன்னைவிட நன்றாகத் தெரிந்த பிள்ளை இந்த உலகத்தில் குறைவு.

ஐந்து. டவுனில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடமும் நூலகம், சனசமூக நிலையம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலை விட்டு பஸ் வரும்வரை ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகள் உட்கார ஒரு வாங்கும் வைபையும் தர முடியுமா? ஒரு ஆசிரியர் கூட இருப்போம்.

முடிவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒட்டிய பட்டியலைக் கழற்றினோம். அதிபரிடம் எங்கள் பிழை என்று சொன்னோம். பிள்ளைகள் முன்னாலும் சொன்னோம். அடுத்த சனிக்கிழமை மேசையில் தெரிவு வைத்தோம். அந்தப் பிள்ளை நான்காவதாக வந்தாள்.

அவள் வந்ததால் ஒரு பையன் வெளியே போனான். முதல் பட்டியலில் பெயர் இருந்தவன். வீட்டில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடியிருந்தார்கள். அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்து, "நீங்க சொன்ன பிறகுதானே சேர் நாங்க சந்தோஷப்பட்டோம், இப்ப புள்ளைக்கு என்னத்த சொல்ற?" என்று கேட்டார். அவரும் நியாயமாகத்தான் கேட்டார். எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. முதலிலேயே ஒரு சனிக்கிழமையைச் செலவழித்திருந்தால் அந்தப் பிள்ளை அழுதிருக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அவன் இப்போதும் குழுவில் இருக்கிறான். கொப்பியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

நாங்கள் சொன்னதில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாக நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரபத்தனைப் பக்கத்து ஆசிரியர்கள், உங்கள் பிள்ளைகளின் ஆட்டங்களில் எத்தனை அறுந்து தோற்றவை, அதில் எத்தனை வெல்ல வேண்டியவை என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வாங்கு தரக்கூடிய கடைக்காரர்கள் இன்பொக்ஸ் வாருங்கள்.